துலுக்காத கிடாய்

மஸ்கட் விமான நிலையத்தில் என்னை வழியனுப்ப வந்த என் கணவர் சரவணன், "அண்ணனை நெருக்காதே" என்றார். நெருக்குவதற்காகத்தான் போகிறேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரவணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். என் ரத்தம் அவருக்குச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் எனக்குச் சர்க்கரை இருப்பதால் எடுக்க மாட்டார்கள். தேனிப் பக்கம் ஜெயமங்கலத்தில் விவசாயம் பார்க்கும் அவருடைய அண்ணன் வேலுச்சாமி, யாரும் கேட்காமலே "நாந் தாரேன்" என்று முன்னால் வந்தார். மதுரையில் எல்லாச் சோதனையும் முடிந்தது. பொருந்துகிறது, தேதி குறிக்கலாம் என்று டாக்டர்கள் சொன்ன அன்று சாயங்காலம் அவரே போன் செய்து, "சாமிகிட்ட ஒரு வார்த்தை உத்தரவு கேட்டுக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் குரலையே நாங்கள் கேட்கவில்லை. எப்போது கூப்பிட்டாலும் அவர் மனைவி பேச்சியம்மாள்தான் எடுப்பார். "அவுக வயலுக்குப் போயிருக்காக." "தண்ணி பாச்சப் போயிருக்காக." "இப்பத்தேன் கண்ணசந்தாக."

மனுஷர் முடியாது என்றால் சண்டை போடலாம், அழலாம், காலில் விழலாம். சாமியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திவிட்டால் யாரிடம் போய் என்ன பேசுவது? கழுவுற மீனில் நழுவுற மீன் என்று நினைத்துக்கொண்டேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு டிக்கெட் போட்டேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. மஸ்கட் வீட்டில் செவ்வாய் வெள்ளி விளக்கேற்றாமல் இருந்ததில்லை. சாமி சொன்னதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் மேல்தான் நம்பிக்கை கிடையாது. என் ஊரான மாயவரத்தில் என் கல்யாணத்துக்கே பூக்கட்டித்தான் பார்த்தார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் போட்டு எடுத்ததில் வெள்ளை வந்தது, மாப்பிள்ளை சரவணன்தான் என்று முடிவானது. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அம்மாவிடம் கேட்டால் பதில் சொல்லாமல் காபி போடப் போய்விடுவாள்.

மதுரையிலிருந்து தேனிக்கு ரயிலில் போனேன். எதிர் சீட்டில் ஒரு அம்மாள், மடியில் கூடையோடு. உசிலம்பட்டி வருவதற்குள் என் ஊர், புருஷன், சம்பளம், பிள்ளை இல்லாதது எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார். பிறகு ஒரு கொய்யாப்பழத்தை நீட்டினார். ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் கொடுப்பதைத் தின்னக் கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பழத்தை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை என் கண் முன்னாலேயே கடித்துத் தின்றார்.

"மயக்க மருந்தெல்லாம் வைக்கலத்தா. சும்மா தின்னு."

தின்றேன். நல்ல இனிப்பு. ஆனாலும் ஆண்டிபட்டி தாண்டும்வரை, தூக்கம் வருகிறதா என்று என்னையே நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றின, அதற்குப் பின்னால் மலை. மஸ்கட்டிலும் மலைதான், திரும்பிய பக்கமெல்லாம். அங்கே ஒரு புல் கிடையாது, துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும். இங்கே மலை இடுப்பில் மேகத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. பார்க்க நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேனியில் ஒரு சின்ன வேலை. எங்கள் மஸ்கட் பக்கத்து வீட்டுக்காரி தன் அக்கா எஸ்தருக்குப் பேரீச்சம்பழமும் அத்தரும் கொடுத்துவிட்டிருந்தாள். எஸ்தர் அக்காவுக்குக் கடைத்தெருவில் ஏலக்காய், மிளகுக் கடை. உள்ளே நுழைந்ததும் வாசனையில் தும்மல் வந்தது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் சீட்டுச் சீட்டாக வேத வசனம். தினம் கடை திறந்ததும் ஜெபம் பண்ணி ஒரு சீட்டு எடுப்பாராம். அன்றைக்கு ஆண்டவர் தன்னிடம் என்ன சொல்கிறார் என்று அதில் தெரிந்துவிடுமாம்.

"நீங்களும் ஒண்ணு எடுங்க" என்றார்.

எடுத்தேன். பயப்பட வேண்டாம் என்ற பொருளில் ஒரு வசனம் இருந்தது. எனக்குப் புத்தி சும்மா இருக்குமா? "பயப்படு என்று இதில் ஒரு சீட்டாவது இருக்கிறதா அக்கா?" என்று கேட்டேன்.

"அது எப்பிடி இருக்கும்? அச்சடிச்சவனுக்கு விக்க வேண்டாமா?" என்று அவர் சிரித்தார்.

"உங்களுக்குப் பிடிக்காத வசனம் வந்தால்?"

"உள்ள போட்டுட்டு இன்னொண்ணு எடுப்பேன்." கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "தம்பியோட பேசாம இருந்தப்ப, சகோதரன்கூட ஒப்புரவாகுன்னு ஒரு சீட்டு வந்துச்சு. உள்ள போட்டேன். மறுநாளும் அதே சீட்டு. அப்புறந்தேன் பயந்துபோயி அவன் வீட்டுக்குப் போனேன்."

இரண்டு நாளும் டப்பாவைக் குலுக்கினீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் அதற்குள் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவர ஆள் அனுப்பிவிட்டார். சாப்பாடு போடுகிறவரிடம் அதற்கு மேல் கேட்கக் கூடாது. அன்று அவர் வீட்டில்தான் தங்கினேன். தலையணையில்கூட ஏலக்காய் வாசம்.

மறுநாள் பஸ். "ஜெயமங்கலம் போகுமா?" என்று கேட்டேன். கண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" என்றார். ஏறுங்க என்பது போகும் என்பதற்குப் பதில் ஆகாது என்று எனக்கு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பஸ் என்னைப் பெரியகுளத்தில் கொண்டுபோய் இறக்கியது. "அந்த வண்டி பின்னால வருது, இதுல வந்தா சீக்கிரம்னுதேன் ஏத்துனேன்" என்றார் கண்டக்டர், எனக்கு நல்லது செய்துவிட்ட முகத்தோடு. மஸ்கட்டில் ஓட்டுநர் வாயே திறக்க மாட்டார், ஆனால் போகிற இடத்துக்குப் போய்ச் சேரலாம். அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோவில் கீரைக்கட்டுகளோடு சேர்ந்து நசுங்கி ஜெயமங்கலம் போனேன்.

வாசலில் பேச்சியக்கா நின்றார். ஓரகத்தி முறை, வயதில் பெரியவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"வாத்தா. சொல்லிட்டு வந்திருந்தா அவுகள ஸ்டாண்டுக்கு அனுப்பியிருப்பேன்ல."

சொல்லிவிட்டு வந்திருந்தால் அவுக இருந்திருக்கவே மாட்டார்கள் என்று நினைத்தேன். வேலுச்சாமி மாமா வயலில் என்றார். இந்தத் தடவை உண்மையாகவே வயலில்தான் இருந்தார், நான் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. சுடுசோறு, மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கக் குழம்பு இதற்கு முன்னால் ரசம்தான். பேச்சியக்கா மறுபடி மறுபடி ஊற்றினார். வந்தவளின் வாயை அடைக்கத்தான் இந்த உபசாரமோ என்றும் தோன்றியது. ஆனாலும் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவரே ஆரம்பித்தார். "வெள்ளிக்கிழமை நம்ம கருப்பசாமி கோயிலுக்குப் போறோம். கிடா வெட்டு. கிடா துலுக்கிருச்சுன்னா சாமிக்குச் சம்மதம். அவுக மதுரைக்குக் கெளம்பி வருவாக. துலுக்கலைன்னா சம்மதமில்ல."

துலுக்குவது என்றால் என்ன என்று கேட்டேன். வெட்டுவதற்கு முன்னால் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்களாம். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டுமாம். உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது, உதறாவிட்டால் கத்தியை எடுக்கக் கூடாது. ஆக, என் புருஷனுடைய உயிர் ஒரு ஆட்டின் தோலில் இருந்தது.

"துலுக்கலைன்னா?" என்றேன்.

"சாமிய மீறி என்னத்தா செய்ய முடியும்?" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பிறகு அடுப்படியிலிருந்தே பேசினார். "ஒத்தக் கிட்னியோட மம்பட்டி பிடிப்பாகளாத்தா? டாக்டரு பிடிக்கலாங்குறாரு. டாக்டரா வந்து வரப்பு வெட்டப் போறாரு?"

அந்தப் பயம் நியாயமானதுதான். அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மோசமாக நடந்திருப்பேன். ஆனால் நான் அவர் இடத்தில் இல்லை.

மறுநாள் காலையில் மாமாவைத் தனியாகப் பிடிக்க வயலுக்குப் போனேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மாமா மடையை மம்பட்டியால் திறந்து, அடுத்த பாத்திக்குத் திருப்பினார். சரவணனைவிட இரண்டு மடங்கு உடம்பு. என் கண் தானாக அவர் இடுப்புப் பக்கம் போனது. எனக்கே அசிங்கமாக இருந்தது.

"தம்பி சாப்பிடுறானா?" என்று கேட்டார்.

"உப்பில்லாமல் கொஞ்சம் சாப்பிடுகிறார் மாமா."

"தண்ணி?"

"அளந்துதான் கொடுக்க வேண்டும். தாகம் என்று ஐஸ் கட்டியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருப்பார்."

வாய்க்காலில் தண்ணீர் சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்போது நெருக்கினால் மனுஷர் இளகிவிடுவார் என்று தோன்றியது. "மாமா, வெள்ளிக்கிழமை சாமியிடம் என்ன கேட்கப்போகிறீர்கள்?" என்றேன்.

"அவுககிட்டக் கேக்க வேண்டியத நாங் கேட்டுக்கிறேன் தாயி" என்று சொல்லிவிட்டு அடுத்த மடைக்குப் போய்விட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கு முன்னால் ஒரு அண்ணன் நின்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு சின்ன லோடு வண்டியில் கிளம்பினோம். கோயில், சின்னமனூர் தாண்டி மேகமலை அடிவாரத்தில். முன்னால் டிரைவரும் மாமாவும். பின்னால் திறந்த வண்டியில் பேச்சியக்கா, பங்காளி வீட்டுக்காரர்கள் சிலர், சமையல் பாத்திரங்கள், கறிக்கு அரைத்த மசாலா, நான், என் மடியை முட்டிக்கொண்டு கிடாய். கறுப்புக் கிடாய். கழுத்தில் மாலை. மாலையில் பாதியை அது வழியிலேயே தின்றுவிட்டது.

பாதி வழியில் வண்டி புகைந்து நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. "சாமி சோதிக்கிறாரு" என்றார் டிரைவர். வண்டி எடுக்கும்போது தண்ணீர் பார்க்காததற்குச் சாமி என்ன பண்ணுவார் என்று நான் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ரோட்டோரம் ஒரு திராட்சைத் தோட்டம். தோட்டக்காரர் குடத்தில் தண்ணீரும், கூடவே ஒரு கொத்துக் கறுப்புத் திராட்சையும் கொடுத்தார். திராட்சை தின்றுகொண்டிருந்தபோது மலைப்பக்கத்திலிருந்து சாரல் இறங்கியது. கிடாய் நனைந்தது. உடனே உடம்பைச் சிலிர்த்து ஒரு உதறு உதறியது. என் சேலையெல்லாம் தண்ணீர், ஆட்டு மயிர்.

"துலுக்குது, துலுக்குது" என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் பேச்சியக்காவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வழியெல்லாம் அது உதறிக்கொண்டேதான் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தேதி குறிக்க டாக்டருக்கு எப்போது போன் செய்யலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. ஒரு புளியமரம், அதன் அடியில் எண்ணெய் ஊறிய கல், பக்கத்தில் நட்ட அரிவாள்கள், இரண்டு மண்குதிரை. எங்களுக்கு முன்னால் சின்னமனூர்க்காரர்கள் ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களுடைய கிடாய் செவலை. பூசாரி முதுகில் தண்ணீர் தெளித்தார், ஒன்றும் நடக்கவில்லை. தலையில் தெளித்தார், ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்துப் பெரியவர் சொம்பை வாங்கி, பேசிக்கொண்டே, போகிற போக்கில் அதன் காதுக்குள் கொஞ்சம் விட்டார். கிடாய் தலையிலிருந்து வால்வரை உதறியது. குலவை போட்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். சாமியின் சம்மதம் காதுக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். திரும்பினால், பேச்சியக்காவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. மாமா கண்ணை மூடிக் கல்லின் முன்னால் நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பூசாரி சொம்பை எடுத்தார். பேச்சியக்கா முன்னால் போய், "மூத்த மருமக ஊத்துறதுதேன எங்க வழக்கம்" என்று வாங்கிக்கொண்டார். அப்படி ஒரு வழக்கம் உண்டா, இல்லை அப்போதுதான் பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. இடது கையால் கிடாயின் காதைப் பொத்திக்கொண்டார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி பதமாக, கழுத்திலிருந்து வால்வரைக்கும் ஊற்றினார். காதில் ஒரு சொட்டு படவில்லை. கிடாய் சும்மா நின்றது. இரண்டாவது சொம்பு. அப்போதும் சும்மாதான் நின்றது.

என் புருஷன் அங்கே ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு கிடக்கிறார், இங்கே இந்த அம்மாள் சாமியின் வாயைப் பொத்துகிறார். "நான் ஊற்றுகிறேன்க்கா" என்று முன்னால் போனேன். அவர் சொம்பை விடவில்லை. "ரெண்டாவது மருமகளும் ஊத்தலாம்" என்றார் பூசாரி. அதற்குப் பிறகுதான் விட்டார்.

நான் ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. கிடாயின் காதைப் பிடித்து விரித்து நேராக உள்ளே ஊற்றினேன். அது காதை மட்டும் லேசாக ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தது. அடுத்த காதிலும் ஊற்றினேன். வாயில் மிச்சமிருந்த மாலைப் பூவை மென்றுகொண்டு நின்றது. காலையிலிருந்து என் மேல் உதறோ உதறென்று உதறிய ஆடு, ஒரு மயிரைக்கூட அசைக்கவில்லை. வழியிலேயே உதறித் தீர்த்துவிட்டதோ என்னவோ.

"உத்தரவு இல்ல" என்று பூசாரி மெதுவாகச் சொன்னார்.

பேச்சியக்கா பெரிதாக மூச்சு விட்டார். "சாமி சொல்லிட்டாக. நம்ம கையில என்னத்தா இருக்கு?"

நீங்கள்தானே காதைப் பொத்தினீர்கள் என்று கத்த வாயெடுத்தேன். கத்தினால் நான் காதில் ஊற்றியதைச் சொல்வார்கள். ஊற்றியும் ஆகவில்லையே என்பார்கள். மண்குதிரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். சரவணனிடம் என்ன சொல்வது? ஆடு உதறவில்லை என்றா?

மாமா இன்னும் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார். "கிடாய அவுத்து விடுங்கப்பா" என்றார். என் பக்கம் திரும்பி, "தாயி, தம்பிக்குப் போனப் போடு. தேதி வாங்கச் சொல்லு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "வேலுச்சாமி, சாமிதேன் மாட்டேன்னுட்டாகளேப்பா" என்றார் பூசாரி.

"எத மாட்டேன்னாக? கிடாயத்தான?" என்றார் மாமா. குரல் உயரவில்லை. "நா என்ன கேட்டேன்னு உங்கள்ல யாருக்குந் தெரியாது. நீங்களா ஒண்ண நெனச்சுக்கிட்டீக. அந்த ஆசுபத்திரி மிசினுக்குள்ள போயிட்டு வந்தன்னைலருந்து எனக்குப் பயம். சோறு எறங்கல. நாமளா வாயக் குடுத்தோம், இப்ப எப்பிடி இல்லங்குறது? அதுனால சாமிகிட்டக் கேட்டேன். இந்தக் கிடாய வாங்கிக்கிட்டு என்னைய விட்ருங்க, துலுக்குனா விட்டுட்டீகன்னு எடுத்துக்கிறேன்னு. கிடா வேணாம்னுட்டாக. அப்ப என்னையத்தேன் கேக்குறாக."

கிடாய் அவிழ்த்துவிட்ட கயிற்றோடு போய் சின்னமனூர்க்காரர்களின் வாழையிலைக் கட்டை மேய ஆரம்பித்தது. அவர்கள் அதை விரட்டிவிட்டு, கறி இல்லாமல் நிற்கிறோமே என்று எங்களையும் பந்தியில் உட்காரச் சொன்னார்கள். மாமா உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். ஒரு மாதமாக இறங்காத சோறு அன்று இறங்கியது. இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினார்.

என்னால் விழுங்க முடியவில்லை. கையில் இன்னும் மஞ்சள் இருந்தது. அந்தக் கிடாய் மட்டும் ஒரு உதறு உதறியிருந்தால் என் புருஷனை நானே முடித்திருப்பேன். என்ன கேட்டார் என்று தெரியாமலே பதிலைத் திருத்தப் போனேன். சாமிக்கு என்ன வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று தெரியும் என்று நினைத்தேனே, அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ஓரத்தில் மாமா கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "துலுக்கியிருந்தால் உண்மையாகவே வந்திருக்க மாட்டீர்களா மாமா?"

"வந்திருக்க மாட்டேன் தாயி" என்றார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "பொய் சொல்லச் சொல்றியா?" என்றார்.

அந்தப் பதிலை மட்டும் எனக்குச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

திரும்பும்போது பேச்சியக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கிடாய் வரவில்லை, அதைக் கோயிலுக்கே விட்டுவிட்டோம்.

"நீ காதுக்குள்ள ஊத்துனேல்ல?" என்றார் சின்னமனூர் தாண்டியதும்.

"நீங்கள் காதைப் பொத்தினீர்கள் அல்லவா?"

"பொத்துனேன். இல்லங்கல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அது துலுக்கியிருந்தா இவுக வீட்டோட இருந்திருப்பாக. எனக்கு அது தெரியலையேத்தா. நானே எங்கையால பொத்தி அனுப்பிட்டேனே."

கையில் ஒட்டியிருந்த மஞ்சளைச் சேலையில் துடைத்தேன்.

"அப்புறம் நெனச்சுப் பாத்தேன்" என்றார். "நானும் களவாணித்தனம் பண்ணுனேன், நீயும் பண்ணுன. நீ காதுல ஊத்தியும் அது அசையலைல்ல? அப்ப அது சாமி சொன்னதுதேன். நம்ம ரெண்டு பேராலயும் இல்ல."

சாரலில் நனைந்து காலையெல்லாம் அது உதறித் தீர்த்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடங்கியிருந்ததே என் வாய்க்குப் பெரிய காரியம்.

அவர் என் கையைப் பிடித்தார். காய்த்துப்போன, கெட்டியான பிடி. "இனிமே நா சாமிகிட்ட ஒண்ணுங் கேக்க மாட்டேன். உங்கிட்டத்தேன் கேக்குறேன். இவுகளக் கூட்டிட்டுப் போறவ நீ. கொண்டாந்து விடுறவளும் நீயாத்தேன் இருக்கணும்."

"கொண்டுவந்து விடுகிறேன்க்கா" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரயிலில் அந்தக் கொய்யாப்பழத்தை நான் பார்த்தேனே, அதே பார்வை. நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் ஜெயமங்கலம் வரும்வரை என் கையை விடவில்லை.